வெறும் பன் வேண்டாம்... உள்ளே ஏதாவது வையுங்கள்!

'என்ன டாக்டர் இது? கஷாயமும் சூரணமும் எழுதுகிற கை, சாண்ட்விச் பற்றி எழுதுகிறதே!' என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் யாராவது என்னிடம் இப்படி ஒரு கட்டுரை கேட்டிருந்தால், நானே சிரித்திருப்பேன்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பத்தியம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் உண்டு. எந்த நோய்க்கு எந்தக் கஞ்சி, எந்த மருந்துக்கு எந்தக் காய் ஆகாது என்று மனப்பாடமாக ஒப்பிப்போம். அந்தப் பாடத்தில் பிரெட்டுக்கு இடமே கிடையாது. அதனால் டாக்டராகி நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் ஒரே பல்லவிதான் பாடிக்கொண்டிருந்தேன். 'பிரெட், பன், பிஸ்கட்... மூன்றையும் நிறுத்துங்கள். காலையில் கஞ்சி குடியுங்கள்.' சொல்வது சுலபம், இல்லையா? அந்தச் சுலபமான பேச்சை நிறுத்த வைத்தவர் ஒரு மீன்கார அம்மா.

காட்டுப்பள்ளியில் ஒரு ஞாயிறு

என் கிளினிக் பொன்னேரியில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கும் மீனவர் குப்பங்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பது வழக்கம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் நீளமான மணல் திட்டு... அதுதான் காட்டுப்பள்ளி. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர்க் கழிமுகம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் இங்கே வந்தது. 2013இல் துறைமுகம் இயங்க ஆரம்பித்தது. இத்தனை வந்த பிறகும் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவது மீன், இறால், நண்டை நம்பித்தான்.

அன்றைக்கு வந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூச்சு வாங்குகிறது, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, கால் கடுக்கிறது என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போய் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 தான்.

"காலையில என்னம்மா சாப்பிடுறீங்க?"

"பன்னும் டீயும்தான் ஐயா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கம்பங்கஞ்சி, கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை... எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"நீங்க சொல்றது வாஸ்தவம்தான் ஐயா. ஆனா விடியக்காலம் மூணு மணிக்கு ஏலத்துக்கு ஓடறேன். கஞ்சி காய்ச்சிக் குடுக்க எனக்கு யாரு இருக்காங்க? வித்துட்டு வீடு திரும்ப மதியம் ரெண்டு ஆவுது. எறா கூடையில இருக்கும், பன்னு கையில இருக்கும். அந்த எறாவ நானே தின்னுட்டா மொதலு என்னாவறது?"

என்னால் பதில் பேச முடியவில்லை. 100 கிராம் இறாலில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. தினமும் அதைக் கிலோ கணக்கில் தலையில் சுமக்கிற பெண் சாப்பிடுவது உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பன்! சத்தெல்லாம் பட்டணத்துக்குப் போகிறது. வெறும் மைதா குப்பத்துக்குத் திரும்பி வருகிறது.

"சரிம்மா, பன்னை விட வேண்டாம். தலை ஒடஞ்சது, பொடிசு, விலைபோகாத எறா கொஞ்சம் மிஞ்சுமே?"

"மிஞ்சும். ராத்திரி தொக்கு வெச்சுப் பசங்களுக்குப் போட்டுடுவேன்."

"அதுல ரெண்டு கரண்டி இனிமே உங்க பன்னுக்குள்ள!"

அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், ரொட்டிக்குள் எதையாவது வைத்துச் சாப்பிடுவதையே ஒரு கலையாக வளர்த்த வெள்ளைக்காரர்கள் என்னதான் வைக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

மணல் மூடிய ஊரின் பெயர்

சாண்ட்விச் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். கால்வாயை மணலும் வண்டலும் மூடி மூடி, கப்பல் வர முடியாமல் துறைமுகம் படுத்துவிட்டது. கடல் இப்போது அந்த ஊரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் அடைபடும் போதெல்லாம் படகை இறக்க முடியாமல் தவிக்கிற நம் மீனவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாகக் கொண்ட நான்காவது பிரபுதான் ஜான் மாண்டேகு. சீட்டாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னாராம். 'சூதாட்டமெல்லாம் இல்லை, அவர் கடற்படை நிர்வாகி, ராத்திரி வேலை மேசையில் சாப்பிட்டிருப்பார்' என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். எது எப்படியோ, 1762இல் எட்வர்ட் கிப்பன் என்ற வரலாற்றாசிரியரின் நாட்குறிப்பிலேயே 'சாண்ட்விச்' என்ற சொல் வந்துவிட்டது.

ஆக, எழுந்து போய் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவனுக்காகப் பிறந்த சாப்பாடு அது. நம் மீன்கார அம்மாவுக்கும் நேரமில்லை. ஆனால், பிரபுவின் ரொட்டிக்குள் இறைச்சி இருந்தது. இந்த அம்மாவின் பன்னுக்குள் ஒன்றுமில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

பிரெட் நல்லதா, கெட்டதா?

'மைதா குடலில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்' என்று பலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி ஒட்டாது. மைதாவும் செரித்துத்தான் போகும். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கும்போது நார்ச்சத்தும், இரும்புச் சத்தில் பெரும்பகுதியும் போய்விடுகின்றன. மிஞ்சுவது மாவுச்சத்து. அது சீக்கிரம் செரித்து, வெள்ளைச் சோற்றைப் போலவே ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பசிக்கும். கூடவே புரதமும் காய்கறியும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால் அந்த வேகம் குறையும். அதனால்தான் சொல்கிறேன், பிரெட்டோடு சண்டை போடாதீர்கள். உள்ளே என்ன வைக்கிறோம் என்று பாருங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சர்க்கரையைக் கருக்கிய சாயம் சேர்த்தாலும் பிரெட் பழுப்பாகிவிடும். உறையில் உள்ள பொருள் பட்டியலில் முதல் பெயர் 'முழு கோதுமை மாவு' என்று இருக்கிறதா என்று படியுங்கள். இரண்டு, ரொட்டி உப்பி வருவதற்காக முன்பு சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் தடை செய்துவிட்டது. உறையும் தேதியும் இல்லாத ரொட்டியைத் தவிர்ப்பது நல்லது.

இனி சமையலறைக்குப் போவோமா?

1. வெள்ளரிக்காய் சாண்ட்விச்

வெயில் காலத்து மாலைச் சிற்றுண்டி. பித்த உடம்புக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 'வெள்ளரி வைத்தால் ரொட்டி ஊறிப் போகிறதே டாக்டர்' என்பதுதான் எல்லோருடைய புகாரும். வெள்ளைக்காரர்களிடம் அதற்கு இரண்டு உபாயம் இருக்கிறது.

தேவை: பிஞ்சு வெள்ளரிக்காய் 1, பிரெட் 4 துண்டு, வெண்ணெய் 2 ஸ்பூன், மிளகுத்தூள், உப்பு, நாலைந்து புதினா இலை.

செய்முறை: வெள்ளரியைக் காகிதம் போல மெல்லியதாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி 15 நிமிடம் வடிகட்டியில் வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். இது முதல் உபாயம். ரொட்டியின் உட்புறம் முழுவதும் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள்; அது ஈரத்தை உள்ளே விடாது. இது இரண்டாவது. வெள்ளரியை அடுக்கி, மிளகும் புதினாவும் தூவி மூடி, முக்கோணமாக வெட்டுங்கள். ஓரத்தை வெட்டி எறிவது அவர்கள் நாகரிகம். நீங்கள் எறிய வேண்டாம். காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆகும்.

2. முட்டையும் முளைக்கடுகும்

இது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாண்ட்விச். அவித்த முட்டையோடு 'கிரெஸ்' என்ற காரமான இளங்கீரையைச் சேர்ப்பார்கள். கடுகு நாற்றையும் அதோடு கலப்பதுண்டு. கடுகு உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே! ஈரப் பஞ்சின் மேல் ஒரு ஸ்பூன் கடுகைத் தூவி, தினம் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். பிள்ளைகளையே வளர்க்கச் சொல்லுங்கள். தான் வளர்த்ததைச் சாப்பிட மாட்டேன் என்று எந்தக் குழந்தையும் சொல்லாது.

தேவை: முட்டை 2, வெண்ணெய் 1 ஸ்பூன், மிளகுத்தூள் கால் ஸ்பூன், உப்பு, ஒரு கைப்பிடி முளைக்கடுகு. இல்லையென்றால் கொத்துமல்லி.

செய்முறை: தண்ணீர் கொதித்த பிறகு முட்டையை 10 நிமிடம் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். உரித்து, சூடு ஆறுவதற்குள் வெண்ணெய், மிளகு, உப்போடு முள்கரண்டியால் மசியுங்கள். கீரையைக் கழுவி நறுக்கிச் சேர்த்து, ரொட்டிக்கு நடுவில் வையுங்கள்.

கடையில் இதற்கு மயோனைஸ் ஊற்றுவார்கள். வீட்டில் வேண்டாம். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸில் கிருமி வளரும் ஆபத்து இருப்பதால், தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடையே விதித்தது. வெண்ணெய் போதும்.

3. நெய் இறால்

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இங்கிலாந்தின் வடமேற்கில் மோர்கம் விரிகுடா என்று ஒரு இடம். நம் ஏரியைப் போலவே ஆழமில்லாத சேற்று நிலம். பொடி இறாலுக்குப் பேர் போனது. ஆண்கள் பிடித்து வருவதைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரிப்பார்களாம். இறாலை வேகவைத்து, ஜாதிபத்திரியும் மிளகும் கலந்த வெண்ணெயில் போட்டுச் சின்னக் கிண்ணத்தில் உறைய வைப்பார்கள். அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள்.

ஜாதிபத்திரி எங்கிருந்து வந்தது? இந்தோனேஷியாவின் பாண்டா தீவுகளிலிருந்து. அங்கே டச்சு வியாபாரிகள் அதற்கு ஈடாகக் கொடுத்தவற்றில் முக்கியமானது நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணி. அந்த வியாபாரத்துக்காக 1613இல் அவர்கள் கோட்டை கட்டிய ஊர் எது தெரியுமா? சாட்சாத் பழவேற்காடு! ஆங்கிலேயன் கிண்ணத்தில் ஜாதிபத்திரி மணப்பதில் நம் நெசவாளிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

தேவை: உரித்த பொடி இறால் கால் கிலோ, நெய் 3 டேபிள்ஸ்பூன், ஜாதிபத்திரிப் பொடி ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் அரை ஸ்பூன், சுக்குப்பொடி ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழம் அரை மூடி, உப்பு.

செய்முறை: இறாலின் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, மஞ்சள் போட்டுக் கழுவுங்கள். நெய்யைச் சூடாக்கி, இறாலைப் போட்டு, நிறம் முழுக்க மாறிச் சுருளும் வரை வதக்குங்கள். பொடி இறாலுக்கு நாலைந்து நிமிடம் போதும். பொடிகளும் உப்பும் சேர்த்து இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். கிண்ணத்தில் அழுத்தி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைந்துவிடும். இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வாட்டிய ரொட்டியில் தடவி, வெள்ளரியோ தக்காளியோ வைத்துக் கொடுங்கள்.

'பாலும் மீனும் சேரக்கூடாது என்பீர்களே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பத்தியப் பாடம் அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் வெண்ணெய்க்குப் பதில் நெய். வெண்ணெயை உருக்கிப் பாலின் கசடை நீக்கிவிட்டால் நெய்தானே! மோர்கம் விரிகுடாவிலும் மேலே ஊற்றி மூடுவதற்கு அப்படித் தெளித்த வெண்ணெயைத்தான் எடுக்கிறார்கள்.

4. நண்டு சாண்ட்விச்

நார்ஃபோக் மாவட்டத்தில் குரோமர் என்ற கடற்கரை ஊர் நண்டுக்குப் பிரசித்தம். நம் பழவேற்காட்டு நண்டுக்கு அது ஒன்றும் போட்டியில்லை என்பது என் கட்சி!

அரைக் கிலோ நண்டைச் சுத்தம் செய்து, 15 முதல் 18 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஓட்டைத் திறந்தால் பக்கவாட்டில் விரல் விரலாகச் சாம்பல் நிறத்தில் செவுள் தெரியும். அதை எறிந்துவிட வேண்டும். வெள்ளைச் சதையை மட்டும் உதிர்த்து, மிளகு, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், பொடியாக அரிந்த கொத்துமல்லி சேர்த்துப் பிசறினால் முடிந்தது. கோதுமை ரொட்டிக்குள் வையுங்கள்.

அங்கே ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையையும் சேர்ப்பார்கள். நான் வேண்டாம் என்பேன். தண்ணீரில் இருக்கும் உலோகக் கழிவு நண்டின் உடம்பில் சேரும் இடம் அதுதான். எண்ணூர்ப் பக்கத்துத் தண்ணீர் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கப் பரவியது. படகும் வலையும் பாழாயின. பிடித்த மீனை வாங்கவும் ஜனங்கள் பயந்தார்கள். இந்தக் குப்பங்களில் அடுப்பெரியாத நாட்கள் அவை.

5. மகாராணியின் கோழி

1953இல் இரண்டாம் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. விருந்தினர்களுக்காக லண்டனில் ஒரு சமையல் பள்ளியை நடத்திய ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ஓர் அயிட்டம் தயாரித்தார்கள். ஆறவைத்த கோழிக்கறி, பழக்கூழ், மயோனைஸ்... அதோடு நம் மசாலாப் பொடி! இன்றைக்கு இங்கிலாந்தில் அது சாண்ட்விச் கடைகளில் சர்வசாதாரணம்.

நம் வீட்டில் இப்படிச் செய்யலாம். எலும்பில்லாத கோழி கால் கிலோவை மஞ்சள், உப்புப் போட்டு நன்றாக வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறை வதக்கி, ஒரு ஸ்பூன் குழம்பு மசாலாப் பொடியைப் போட்டுப் பச்சை வாசனை போகப் புரட்டி ஆறவிடுங்கள். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 4 டேபிள்ஸ்பூன், நறுக்கிய உலர்திராட்சை ஒரு ஸ்பூன், கோழி எல்லாவற்றையும் கலந்து ரொட்டிக்குள் வையுங்கள்.

6. சைவ வீடுகளுக்கு

உழவர்கள் வயலுக்கு எடுத்துப்போகும் ரொட்டி, சீஸ், ஊறுகாய் மூன்றும் அங்கே பேர்போன கூட்டணி. 'சட்னி' என்ற சொல்லையே அவர்கள் நம்மிடமிருந்துதான் எடுத்துப் போனார்கள். ஒரு துண்டு சீஸ் அல்லது வதக்கிய பனீர், அதன் மேல் ஒரு ஸ்பூன் இனிப்பு மாங்காய்த் தொக்கு, இரண்டு வளையம் வெங்காயம், தக்காளி... மூடிச் சூடான தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். சீஸிலும் உப்பு, தொக்கிலும் உப்பு என்பதால் ரத்த அழுத்தக்காரர்கள் தொக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

7. காய்ச்சல்காரருக்கு ரொட்டிக்குள் ரொட்டி!

இசபெல்லா பீட்டன் என்ற அம்மையார் 1861இல் குடும்ப நிர்வாகம் பற்றி வெளியிட்ட பெரிய புத்தகத்தில், நோயாளிகளுக்கான பகுதியில் ஒரு சாண்ட்விச் உண்டு. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டிக்கு நடுவில், வாட்டிய இன்னொரு ரொட்டித் துண்டு. உப்பு, மிளகு. அவ்வளவுதான்! 2011இல் பிரிட்டனின் வேதியியல் சங்கம் இதை மிக மலிவான மதிய உணவு என்று செய்து காட்டியது. காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடக்கும்போது ஒரு வேளைக்குச் சரி. மறுநாளே கஞ்சிக்கும் பருப்புக்கும் திரும்பிவிட வேண்டும். நம் வீடுகளில் காய்ச்சல் விட்ட பிறகும் நாலு நாள் பாலில் நனைத்த பிரெட்டே ஓடுகிறதே, அது தப்பு.

கட்டிக் கொடுக்கும்போது கவனம்

இந்த இடத்தில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை நெய் இறால் செய்த உற்சாகத்தில் நாலு சாண்ட்விச்சை டிபன் பாக்ஸில் போட்டுக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். அது சித்திரை மாசம். கூட்டம் ஓய்ந்து டப்பாவைத் திறக்கும்போது மணி மூன்று. வாசனை சரியாகத்தான் இருந்தது, சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க வாந்தி, பேதி! ஊருக்குப் பத்தியம் சொல்கிறவன் ஓமத் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலுமாகக் கிடந்தேன். வீட்டம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

பாடம் இதுதான். மீன், இறால், முட்டை, கோழி வைத்த எந்த சாண்ட்விச்சும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரே மணி நேரம்தான். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தானே! ஆகவே பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு இவற்றைக் கட்ட வேண்டாம். காலையில் வீட்டிலேயோ, பள்ளி வண்டியிலேயோ சாப்பிட்டுவிடட்டும். மதியத்துக்கு வேர்க்கடலைச் சட்னி கெட்டியாக அரைத்துத் தடவி, வாட்டிய காய்கறி வையுங்கள்.

ராத்திரித் தொக்கைக் காலையில் வைப்பதானால், ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி எடுங்கள். வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, அரித்து, தலைவலி வரும். பழைய மீனை மசாலாவால் மறைக்க நினைக்காதீர்கள்.

யாருக்கு ஆகாது?

இறாலும் நண்டும் எங்கள் சாஸ்திரத்தில் கரப்பான் பண்டங்கள். தோல் அரிப்பு, கரப்பான், காளாஞ்சகப்படை உள்ளவர்கள் தவிர்க்கச் சொல்வோம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு துண்டே ஆபத்தாகலாம். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் அளவோடு சாப்பிடுங்கள். சர்க்கரைக்காரர்கள் இரண்டு துண்டு ரொட்டியோடு நிறுத்தி, உள்ளே வைப்பதைத் தாராளமாக வையுங்கள்.

இன்னொன்று, ரத்தம் குறைந்தவர்கள் சாண்ட்விச்சோடு டீ குடிக்காதீர்கள். டீயில் உள்ள துவர்ப்பு, இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்பு நன்றாகச் சேரும்.

அந்த அம்மா என்ன ஆனார்?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்புச் சத்து மாத்திரை வாங்க வைத்தேன். கூடவே பன்னுக்குள் தொக்கு, ஒரு பிடி முருங்கைக்கீரை வதக்கல். இறால் இல்லாத நாளில் அவித்த முட்டை. டீயைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன். அதற்குத்தான் ரொம்ப முரண்டு பிடித்தார்! நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6. பெரும்பங்கு மாத்திரையினுடையது, பன்னுக்குள் வைத்ததற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

போன மாதம் பார்த்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பன்னுக்குள் எறா!

"பக்கத்துக் கடைக்காரிங்க மூணு பேரு இப்ப இப்படித்தான் ஐயா எடுத்தாறாங்க. மொதல்ல வூட்டு மனுஷி தின்னணும், மிச்சந்தான் ஏவாரம்னு சொல்லிட்டேன்."

வாசகர்களே, நாளைக் காலை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு வெறும் ரொட்டியை டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஒருவர் இருப்பார். அம்மாவோ, மனைவியோ, ஏன், நீங்களாகவே கூட இருக்கலாம். முதல் சாண்ட்விச்சை அவருக்குச் செய்து கொடுங்கள்!